தண்ணியில கரண்டு

என் குரல் ஒரு வாரத்துக்கு மேல் த்ரீவீல் ஆட்டோவில் ஏறி எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றியது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு எல்லாரும் மலைக்குப் போகும் நேரம் ஒரு சுற்று. பின்னேரம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் நேரம் இன்னொரு சுற்று. மழைக்காக ஒலிபெருக்கிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து நான் பேசுவது தடிமன் பிடித்து மூக்கடைத்த யாரோ பேசுவதுபோல் எனக்கே கேட்டது. ஆனாலும் பெருமை. பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி, கெம்பஸ் விவாத மேடை எல்லாம் ஏறியவள்தான். என்றாலும் எதிரே வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது இந்தக் குரலுக்குத்தானே!

பிரதேச சபைத் தேர்தல் நேரம் அது. எங்கள் வட்டாரத்தில் பெரிய கட்சிக்காரர்களை விட்டுவிட்டு எல்லாரும் பேசியது இரண்டு சுயேச்சைகளைப் பற்றி. ஒருவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். பொகவந்தலாவை பஜாரில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். சின்னம் மூக்குக்கண்ணாடி. மற்றவர் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவர். இரத்த உறவு இல்லை, ஆனால் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவரைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறேன். சின்னம் கேத்தல், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெண்டி. அம்மா எங்கள் வீட்டுக் கதவின் இடது பலகையில் மூக்குக்கண்ணாடியையும் வலது பலகையில் கேத்தலையும் ஒட்டிவிட்டார். கேட்டால், "கதவ சாத்தினா ரெண்டு பேரும் ஒண்ணாயிருவாங்க" என்றார்.

சண்டை கரண்டைப் பற்றி.

நாட்டிலேயே அப்போது அதுதான் பேச்சு. எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் மெழுகுதிரியில் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். அதற்குப் பிறகு டிவியைத் திறந்தால் டை கட்டிய ஆட்கள் நிலக்கரி, காற்றாலை, சூரியன் என்று மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அதில் சொந்தக் கோபம் ஒன்றும் உண்டு. மலையில் பெய்கிற மழை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, கரண்டாகி, எங்கள் தலைக்கு மேலேயே கம்பியில் ஓடிக் கொழும்புப் பக்கம் போய்விடுகிறது. கீழே நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளில், லயத்தில், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே லைட் போய்விடும்.

மாமாவின் வைத்தியம் சூரியன். ஒவ்வொரு லயத்துக் கூரையிலும் தகடு போட வேண்டும் என்றார். சித்தியின் வைத்தியம் தண்ணீர். ஸ்டோருக்குப் பின்னால், அதாவது தேயிலை அரைக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால், வெள்ளைக்காரன் காலத்து இரும்புச் சக்கரம் ஒன்று புல் மூடிக் கிடக்கிறது. ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து அதைச் சுற்றவைத்துத்தான் ஒரு காலத்தில் ஸ்டோரே ஓடியது. வாய்க்காலைத் துப்புரவாக்கிப் புதுச் சக்கரம் ஒன்று போட்டால் நான்கு லயத்துக்கும் கரண்டு எடுக்கலாம் என்பது சித்தியின் கணக்கு. தேர்தலில் நிற்பதற்கு முன்பே இரண்டு வருடமாக ஒவ்வோர் அலுவலகமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனுக்களைத் தமிழில் எழுதியது நான். சிங்களத்தில் மாற்றிக் கொடுத்ததும் நான். பௌதிகவியல் படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு. சக்கரம் சுற்றும் என்று எனக்கு நம்பிக்கையும் இருந்தது.

எங்கள் அடுப்படியில் இருவரும் மோதிக்கொள்வதைக் கேட்க வேண்டும். டிவி எல்லாம் பக்கத்தில் நிற்காது. மாமா ரொட்டியும் சம்பலும் சாப்பிட வருவார். சித்தி ஒரு பிடி மிளகாய்த்தூள் வாங்க வருவார்.

"ஏண்ணே, ஆனி ஆடியில உங்க சூரியன் எங்க போவாரு? அட்டனுக்கா, கொழும்புக்கா?"

"பங்குனியில உன் ஆறு எங்க போகுதோ அங்கதான் தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போவாங்க."

"வெயிலடிச்சா துணி காயப்போடவே கூரையில எடமில்ல. இதுல உங்க கண்ணாடி வேற."

"உன் சக்கரம் கடகடன்னு சுத்துனா ராத்திரி எவன் தூங்குவான்?"

"நீங்க விடுற கொறட்டையில அண்ணி தூங்கல?"

அம்மா இருவர் தட்டிலும் ஒவ்வொரு ரொட்டியைப் போடுவார். "கரண்டு வர்ற நேரம் வரட்டும். ரொட்டி ஆறுது, தின்னுங்க."

இப்படியே விட்டிருந்தால் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று நான் இன்று அமைதியாக எழுதியிருப்பேன். ஆனால் மாமா என்னிடம் வந்தார்.

"மருமகளே, த்ரீவீலுக்கு ஒரு அறிவிப்பு வேணும். என்னைப் பத்திச் சொன்னா ஒருத்தனும் காது கொடுக்க மாட்டான். கேத்தல்காரங்களக் கொஞ்சம் கிண்டல் பண்ணு. ரொம்ப வேணாம், சிரிச்சாப் போதும்."

மாமா கேட்டார், மறுக்க முடியவில்லை என்று எழுதினால் அது பொய். கேட்டவுடனே எனக்குக் கை துறுதுறுத்தது. ஏனென்றால் கிண்டல் செய்ய வேண்டிய வாசகம் எது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. சித்தியின் மஞ்சள் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருந்தது: நம்ம தண்ணியில நம்ம கரண்டு. அதை எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

நாம் பேசும் தமிழில் அந்தச் சின்ன 'ல' இரண்டு வேலை பார்க்கிறது. விறகுல சமைக்கிறோம், பெட்டியில சேலை இருக்கு. இரண்டும் ஒரே 'ல'. தண்ணியில கரண்டு என்றால் தண்ணீரைக் கொண்டு எடுக்கிற கரண்டு என்றும் எடுக்கலாம், தண்ணீருக்குள்ளேயே இருக்கிற கரண்டு என்றும் எடுக்கலாம். நோட்டீஸ் எழுதும்போது முதலாவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மாமா கேட்டதும் இரண்டாவது பளிச்சென்று தெரிந்தது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு போனில் பதிவு செய்தேன்:

"அன்பான தாய்மாரே! பீலிக்கா போறீங்க? ஒரு நிமிசம்! கேத்தல்காரங்க என்ன சொல்றாங்க? தண்ணியில கரண்டாம்! ஐயையோ, தண்ணியில கரண்டாம்! குளிக்கப் போறவங்க செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க! கொடத்த வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க! வெளிச்சம் வேணுமா, மேல பாருங்க. மூக்குக்கண்ணாடி!"

நடுவில் "ஜ்ஜ்ர்ர்" என்று வாயாலேயே ஒரு சத்தமும் கொடுத்தேன். மாமா கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

முதல் நாள் தோட்டமே சிரித்தது. சித்தியும் சிரித்தார். மலையில் கொழுந்து எடுக்கும்போது யாராவது குனிந்தால் பின்னாலிருந்து ஒருத்தி "ஜ்ஜ்ர்ர்" என்பாளாம், மற்றவர்கள் துள்ளுவார்களாம். அம்மா வந்து சொன்னபோது நான் தரையில் நிற்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பீலி என்றால் மலை ஊற்றைக் குழாயில் இறக்கிவிட்டிருக்கும் இடம். லயத்துப் பெண்களுக்குக் குளிப்பு, துவைப்பு, குடிதண்ணீர், ஊர்ச்செய்தி எல்லாம் அங்கேதான். அன்று அங்கே நின்ற அத்தனை பேர் காலிலும் ரப்பர் செருப்பு. அலுமினியக் குடங்களைக் காணவில்லை, எல்லாம் பிளாஸ்டிக் கேன். முதலில் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

"சோதிச்சுப் பாக்குறாங்களாம்ல" என்றார் ஒருவர். "மேல வாய்க்கால்ல வயரு இழுத்திருக்கு. பாத்தவங்க சொல்றாங்க."

வாய்க்கால் நீளத்தை அளக்கச் சித்தி கொண்டுபோன கறுப்புக் கயிறு அது. பீலித் தண்ணீர் வருவதும் வேறு ஊற்றிலிருந்து. வாய்க்காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இன்னொருவர் சத்தியம் செய்தார். "காலையில கைய வச்சேன், சுர்ருனுச்சு!" எங்கள் பீலித் தண்ணீர் என்றைக்குத்தான் சுர்ரென்று இல்லாமல் இருந்தது? காலை ஆறு மணிக்கு அதில் கை வைத்தால் பல்லெல்லாம் கூசும். அத்தனை வருடமும் அதற்குப் பேர் குளிர். இப்போது நான் வேறு பேர் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போதும் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு நின்றது மறுநாள். எங்கள் லயத்தின் கடைசி வீட்டு அக்கா ஆறு மாத வயிற்றோடு கீழ்ப் பிரிவுப் பீலிக்குப் போய், கேனைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் கேனை வாங்கினேன்.

"ஏங்க்கா, இவ்ளோ தூரம்?"

"நீதானம்மா சொன்ன" என்றார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "படிச்ச புள்ள, சும்மாவா சொல்லுவ? வயித்துல ஒண்ண வச்சிக்கிட்டு கரண்டோட வெளையாட முடியுமா?"

கேன் கனத்தது. வீடுவரை நானே சுமந்தேன்.

அன்று பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வரும் வழியில் சித்தி என்னோடு சேர்ந்துகொண்டார்.

"ஏம்புள்ள, அந்த ஜ்ஜ்ர்ர் சத்தம் நீயா, மெஷினா?"

"நாந்தான் சித்தி."

"நல்லாருந்துச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு." தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறினார். "நான் சபைக்குப் போவாட்டி போறேன். கொழுந்து எடுக்கிற கை எங்கயும் போயிராது. ஆனா ஞாயித்துக்கெழம அந்த மாத்தயா வாறாரு."

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; சித்தி சொன்னது சின்ன நீர்மின் திட்டங்களைப் பார்க்கும் அலுவலரை. இரண்டு வருட மனுவுக்குப் பிறகு முதல் தடவையாக இடத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். ஊராருக்கு விருப்பம் இருக்கிறதா என்று அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தார். விருப்பம் இருக்கிறது, அன்றைக்கே நாற்பது பேர் வந்து வாய்க்காலைத் துப்புரவாக்குவோம் என்று பதில் எழுதினோம். அதையும் நான்தான் எழுதினேன்.

"நாப்பது பேருன்னு எழுதின. இன்னிக்கு மலையில ஒவ்வொருத்தராக் கேட்டேன். ஆத்துல கை வைக்க மாட்டாங்களாம். எண்ணிப் பாத்தா நான், உங்கம்மா, பெறகு திரும்பவும் நான்."

"சித்தி..."

"ஆளில்லாட்டி அவரு பைலை மூடி வச்சிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிருவாரு. அவரக் குத்தம் சொல்ல ஏலுமா? ரெண்டு வருசம் புள்ள." அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் பீலிக்கரைக் கல்லில் வெண்கட்டியால் சக்கரம் வரைந்து பாடம் நடத்தினேன். தண்ணீர் சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் டைனமோவைச் சுற்றும், தண்ணீர் வந்தபடியே ஆற்றுக்குத் திரும்பிப் போய்விடும், கரண்டு வேறு கம்பியில் போகும். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள்.

"அப்ப அந்த டைனமோ எங்க இருக்கும்?"

"சக்கரத்துக்குப் பக்கத்துல."

"சக்கரம் எங்க இருக்கும்?"

"தண்ணியில..."

"பாத்தியா!"

பஜாருக்கு ஓடினேன். மாமா கடையில் ஏணிமேல் நின்று பல்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அறிவிப்ப நிறுத்துங்க. ஜனங்க நெசமாவே நம்பிட்டாங்க."

"நம்புனாத்தான மருமகளே அது பிரசாரம்?" ஏணியிலிருந்து இறங்கிவந்து பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு வடையும் தேத்தண்ணியும் வரவழைத்தார். "நாம என்ன பொய்யா சொன்னோம்? அவங்க நோட்டீஸுல இருந்ததத்தான நீ வாசிச்ச?"

போர்வைக்குள் பதிவு செய்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் அதுதான். மாமா வாயிலிருந்து வந்தபோது அது வெட்கமாக இருந்தது.

"டிவியில பெரிய ஆளுங்க பேசுறாங்களே, ஒருத்தராவது சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு சொன்னாரா? நீ கள்ளன், நீ பொய்யன், அவ்வளவுதான். நான் சின்னக் கடைக்காரன். வடையச் சாப்பிடு."

வடையைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. அவர்கள் நம்பியது விளக்கத்தை இல்லை, என் குரலை. அப்படியென்றால் வெண்கட்டியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பீலியில் கூட்டம். கோயிலுக்குப் போக எல்லாரும் தலைமுழுகுகிற நாள். சொல்லப்போனால் முழுகுகிற நாளாக இருந்தது. அன்று கோப்பையால் மொண்டு எட்ட நின்று ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பாவாடையை மார்பில் முடிந்துகொண்டு போனேன். கல்லின்மேல் செருப்பைக் கழற்றி வைத்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"அடியே, என்னா பண்ற!" என்றார் அம்மா.

வெறுங்காலோடு குழாய்க்குக் கீழே போய் நின்றேன். ஐயோ, அந்தக் குளிர்! தலையில் விழுந்த தண்ணீர் முதுகுத்தண்டில் ஓடியபோது நான் போட்ட சத்தத்துக்கு இரண்டு பேர் பின்னால் பாய்ந்தார்கள்.

"கரண்டா?"

"கு... குளிருதுக்கா!"

அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் த்ரீவீல் வந்தது. அதிலிருந்து நான் தொடங்கினேன். "அன்பான தாய்மாரே! பீலிக்கா போறீங்க? ஒரு நிமிசம்!"

கீழே நான் பல் கிடுகிடுக்க நிற்கிறேன். மேலே நான் "ஐயையோ, தண்ணியில கரண்டாம்!" என்கிறேன். யாரோ ஒருத்தி முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு பொத்த முடியவில்லை. "குளிக்கப் போறவங்க செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க!" என்று மேலே சொன்னதும் பீலிக்கரை மொத்தமும் வெடித்துச் சிரித்தது.

"கேளு புள்ள" என்றார் சித்தி, துவைத்த சேலையைப் பிழிந்துகொண்டே. "ஒனக்குத்தான் சொல்றா."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பெண்கள் பீலியில் நிற்கும்போது ரோட்டில் வரும் ஆண்கள் ஹார்ன் அடித்துவிட்டு மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஹார்ன் கேட்டது. அறிவிப்பு பாதியில் நின்றது. மாமா த்ரீவீலை விட்டு இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த தேயிலைச் செடிகளைப் பார்த்துக் கத்தினார்.

"அங்க என்ன சிரிப்பு?"

"ஒங்க அறிவிப்பு குளிக்குதுண்ணே!" சித்தி திருப்பிக் கத்தினார்.

"யாரு?"

"ஒங்க மருமக! பீலிக்கு அடியிலேயே நிக்கிறா!"

மாமாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"செருப்பு போட்டிருக்காளா?"

"இல்லண்ணே!"

மாமா தேயிலையிடம் ஏதோ முணுமுணுத்தார். கேட்கவில்லை. பிறகு த்ரீவீல்காரரிடம் சொன்னது கேட்டது. "அதக் கழட்டு. பாட்டு ஏதாச்சும் போடு."

நான் விறைத்துக்கொண்டே பேசினேன். எழுதியது நான், சத்தம் கொடுத்தது நான், வாய்க்காலில் கிடந்தது கயிறு, இதோ நிற்கிறேன் பாருங்கள். நாடகம் மாதிரி நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிப் பேர் இன்னும் செருப்போடுதான் நின்றார்கள். ஆனால் கடைசி வீட்டு அக்கா கேனோடு படியில் நின்று பார்த்தவர், மெதுவாக வந்து குழாய்க்குக் கீழே ஒரு விரலை நீட்டினார். எடுத்தார். மறுபடி நீட்டினார். பிறகு கேனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வரவில்லை. நான் எண்ணியபோது இருபத்தேழு. வந்தவர்களில் சிலர் காலில் மழைச் சப்பாத்து, சிலர் காலில் ரப்பர் செருப்பு. மாமா கடையைத் திறக்காமல் வந்திருந்தார். அவர் தோளில் கிடந்த மண்வெட்டிக் காம்பில் மூக்குக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, ஆழமான இடமாகப் பார்த்து அவருக்குக் கொடுத்தார்.

அலுவலர் வாய்க்கால் நெடுக நடந்தார், சரிவை அளந்தார், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். தண்ணீரில் ஏன் எல்லாரும் செருப்போடு நிற்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா முந்திக்கொண்டார்.

"கூடெல்லோ மாத்தயா, கூடெல்லோ!"

அட்டையாம். அம்மாவின் காலிலும் செருப்புதான். அலுவலர் பயந்துபோய்த் தன் காற்சட்டையை உதறிக்கொண்டார். சித்தி புல்லுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

போகும்போது அவர் பைலை மூடவில்லை. மழைக்காலத் தண்ணீரை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது, பங்குனியில் எவ்வளவு ஓடுகிறதென்று அளந்து அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சித்தி அந்தக் காகிதத்தை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"பங்குனிக்கு என்ன செய்வன்னு நான் அன்னிக்கே கேட்டேன் தங்கச்சி" என்றார் மாமா.

"ஆமாண்ணே. அளக்க நீங்களே வாங்க."

தேர்தலில் மாமா சபைக்குப் போனார், சித்தி போகவில்லை. என் அறிவிப்பால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சித்தியிடம் கேட்டேன். "என்னைவிட அவருக்கு சொந்தக்காரங்க ஜாஸ்தி" என்று முடித்துவிட்டார்.

பங்குனியில் அளக்கப் போனோம். ஆறு மெலிந்திருந்தது, ஆனால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சித்தி வாளியோடு வாய்க்காலுக்குள் நின்றார். வாளி நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று பார்க்க நான் போனோடு கரையில் நின்றேன். தண்ணீரை வாளிக்குள் விடும் குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். உறுப்பினர் ஐயா கரையில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். வலது காலைத் தூக்கினார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கால் அப்படியே நின்றது. ஒரு விநாடிதான். அவர் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி குனிந்து வாளியைச் சரிசெய்கிற பாவனையில், மெதுவாக, "ஜ்ஜ்ர்ர்" என்றார்.

மாமா துள்ளிய துள்ளலில் வாளி கவிழ்ந்தது. நான் நேரத்தைப் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.